கோனா அயர்ன்மேன் உலகச் சாம்பியன்ஷிப்: தகுதி பெற என்ன வேண்டும், எவ்வளவு ஆகும், எப்போது தொடங்க வேண்டும்

முழு அயர்ன்மேன் ஒன்றை முடித்துவிட்டு, அடுத்து உலகச் சாம்பியன்ஷிப் நடக்கும் ஹவாயின் கோனாவுக்குப் போக முடியுமா என்று யோசிக்கத் தொடங்கியிருக்கும் இந்திய டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த பந்தயம்) வீரர்களுக்காக இதை எழுதுகிறேன். பயிற்சித் திட்டம் வேண்டுமென்றால் எங்கும் கிடைக்கும். ஸ்லாட், அதாவது கோனாவில் போட்டியிடும் இடம், எப்படிப் பங்கிடப்படுகிறது, எந்த ஆவணம் எந்த மாதத்தில் கையில் இருக்க வேண்டும், பணம் எந்த நிமிடத்தில் கட்ட வேண்டும் என்பதெல்லாம் நம் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஏற்ற மாதிரி ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. நான் ஒவ்வொன்றாக அலைந்து, கேட்டு, திட்டு வாங்கித் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல நேரத்தில் ஓடி முடித்தும், விசாவோ பணமோ தயாராக இல்லாததால் ஸ்லாட்டை விட்டுவிட்டு வந்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர்கள் விட்ட இடம் அடுத்தவருக்குப் போனது. அதனால் காகித வேலையைப் பந்தயத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பந்தயத்துக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை அது.

1. எந்த உலகச் சாம்பியன்ஷிப் என்று தெளிவாகுங்கள்

நெடுந்தூர டிரையத்லானில் "உலகச் சாம்பியன்ஷிப்" என்ற பெயரில் மூன்று இருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, அயர்ன்மேன் உலகச் சாம்பியன்ஷிப். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். 2023 முதல் 2025 வரை ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக, பிரான்சின் நீஸ் நகரிலும் ஹவாயின் கோனாவிலும் மாறி மாறி நடந்தது. 2026 முதல் இரு பாலருக்கும் ஒரே நாளில் மீண்டும் கோனாவில். 2026க்கான தேதி அக்டோபர் 10.

இரண்டாவது, அயர்ன்மேன் 70.3 உலகச் சாம்பியன்ஷிப். அதில் பாதி தூரம். இது ஒவ்வொரு ஆண்டும் ஊர் மாறும். 2023இல் பின்லாந்தின் லாஹ்தி, 2024இல் நியூசிலாந்தின் டாப்போ, 2025இல் ஸ்பெயினின் மார்பெய்யா, 2026 செப்டம்பரில் நீஸ்.

மூன்றாவது, வேர்ல்டு டிரையத்லான் அமைப்பு நடத்தும் நெடுந்தூரச் சாம்பியன்ஷிப். இதற்கும் அயர்ன்மேன் நிறுவனத்துக்கும் தொடர்பில்லை. இதில் நீங்கள் நாட்டின் சார்பாகப் போகிறீர்கள். பெயர் தேசியக் கூட்டமைப்பு வழியாகத்தான் போக வேண்டும். ஆன்லைனில் நேரடியாகப் பணம் கட்டிச் சேர முடியாது.

இந்தக் கட்டுரை முதலாவதைப் பற்றியது. அதற்குள் நுழையும் முன் சில பொறிகள்:

கோவா 70.3 பந்தயத்தில் நன்றாகச் செய்தால் 70.3 உலகச் சாம்பியன்ஷிப்புக்குத்தான் வழி திறக்கும், கோனாவுக்கு அல்ல. சென்னையில் 2025இல் நடந்த 5150 பந்தயம் ஒலிம்பிக் தூரம், முழு அயர்ன்மேனைவிட மிகக் குறைவு. அனுபவத்துக்கு நல்லது, தகுதிக்கு உதவாது. ஜெர்மனியின் சேலஞ்ச் ரோத் தூரத்தில் அயர்ன்மேனுக்குச் சமம்தான், ஆனால் வேறு நிறுவனத்துடையது. அங்கே ஒன்பது மணி நேரத்தில் முடித்தாலும் கோனா ஸ்லாட் இல்லை. உங்கள் அயர்ன்மேன் செயலியில் தெரியும் தங்கம், வெள்ளி, வெண்கல ஏடபிள்யூஏ (ஆல் வேர்ல்டு அத்லெட் என்ற தரவரிசை) தகுதிநிலையும் தகுதிச் சீட்டு கிடையாது. லாட்டரி முறையில் சாதாரண வீரர்களுக்கு இடம் கொடுத்ததைப் பல ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். இன்னும் லாட்டரி இருக்கிறது என்று சொல்லும் பழைய கட்டுரைகளை நம்ப வேண்டாம்.

2. ஸ்லாட் பங்கிடும் முறையைப் புரிந்துகொள்ளுங்கள்

இது 2026 சாம்பியன்ஷிப்பிலிருந்து மாறியிருக்கிறது. பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்டுத் திட்டம் போட்டால் கணக்கு தப்பும்.

பழைய முறையில், ஒரு பந்தயத்துக்கு ஒதுக்கிய இடங்களை ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் எத்தனை பேர் கிளம்பினார்கள் என்று பார்த்துப் பிரித்துக் கொடுப்பார்கள். ஆண்கள் 40-44 பிரிவில் கூட்டம் அதிகம் என்பதால் அங்கே இடமும் அதிகம். முன்னால் வந்தவர்கள் வேண்டாம் என்றால் அதே பிரிவில் அடுத்தவருக்கு இறங்கிக்கொண்டே வரும். இதைத்தான் ரோல் டவுன் என்கிறார்கள்.

புதிய முறை இரண்டு கட்டம்.

முதல் கட்டத்தில், ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் முதலிடம் பிடித்தவருக்கு நேரடி இடம். அவர் வேண்டாம் என்றால் அதே பிரிவின் இரண்டாமவருக்கு, பிறகு மூன்றாமவருக்கு. மூவரும் எடுக்கவில்லையென்றால் அந்த இடம் பொதுக் குவியலுக்குப் போய்விடும்; நான்காமவருக்கு இறங்காது.

இரண்டாம் கட்டம் அந்தப் பொதுக் குவியல். பெர்ஃபார்மன்ஸ் பூல் என்று பெயர். மீதமுள்ள இடங்களுக்குப் பல வயதுப் பிரிவினர் ஒரே பட்டியலில் போட்டியிடுகிறார்கள். அறுபது வயதுக்காரரையும் முப்பது வயதுக்காரரையும் எப்படி ஒப்பிடுவது? ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பெருக்கல் எண் வைத்திருக்கிறார்கள். கோனாவில் முந்தைய ஆண்டுகளில் அந்தந்தப் பிரிவின் முதல் 20 சதவீதத்தினர் எடுத்த நேரத்தை வைத்து இந்த எண்ணைக் கணக்கிட்டிருக்கிறார்கள். கோனா ஸ்டாண்டர்டு என்று இதைச் சொல்வார்கள். உங்கள் முடிவு நேரத்தை உங்கள் பிரிவின் எண்ணால் பெருக்கினால் வருவதுதான் சரிக்கட்டிய நேரம். புரிவதற்காக மட்டும் ஒரு கணக்கு: எண் 0.9 என்றும், நீங்கள் 11 மணி நேரத்தில் முடித்தீர்கள் என்றும் வைத்துக்கொண்டால், சரிக்கட்டிய நேரம் 9 மணி 54 நிமிடம். உண்மையான எண்களின் அட்டவணை அயர்ன்மேன் தளத்தில் இருக்கிறது. அதை இறக்கி, உங்கள் கடைசிப் பந்தய நேரத்தைப் பெருக்கிப் பாருங்கள். பிறகு நீங்கள் போக நினைக்கும் பந்தயத்தின் போன ஆண்டு முடிவுகளில் முதல் நூறு பேருக்கும் அதையே செய்யுங்கள். ஒரு மாலை நேர வேலை. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று இதைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சியாளராலும் சொல்ல முடியாது.

ஒரு பந்தயத்துக்கு 40 இடம் என்று வைத்தால், பிரிவு வெற்றியாளர்களுக்கே இருபதுக்கு மேல் போய்விடும். குவியலில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். ஆகவே கூட்டம் குறைந்த பிரிவில் இருப்பவர்களுக்கு, அதாவது 18-24 வயதினர், ஐம்பதைத் தாண்டியவர்கள், ஆசியப் பந்தயங்களில் பெரும்பாலான பெண்கள் பிரிவினருக்கு, நேரடி இடத்தைக் குறிவைப்பதுதான் நல்லது. ஆண்கள் 35-49இல் இருப்பவர்கள் இரண்டு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். குவியலை ஆண், பெண் இடையே எப்படிப் பிரிக்கிறார்கள், எந்தப் பந்தயத்துக்கு எத்தனை இடம் என்பதையும் பதிவு செய்யும் முன் அந்தப் பந்தயத்தின் பக்கத்திலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உங்கள் வயதுப் பிரிவு எது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பந்தயம் நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று உங்கள் வயது என்னவோ அதுதான் கணக்கு. டிசம்பரில் 50 முடிகிறவர் அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே 50-54 பிரிவில் ஓடலாம். பிரிவு மாறும் ஆண்டில் நீங்கள் அந்தப் பிரிவின் இளையவர். கோனாவுக்கு முயற்சி செய்ய அதைவிட நல்ல ஆண்டு அமையாது.

லெகசி என்று இன்னொரு வழியும் இருக்கிறது. குறைந்தது 12 முழு அயர்ன்மேன் பந்தயங்களை முடித்திருக்க வேண்டும், கோனாவில் ஒருமுறைகூடக் கிளம்பியிருக்கக் கூடாது, சமீபத்திய ஆண்டுகளில் தொடர்ந்து பங்கேற்றிருக்க வேண்டும். நீண்ட வரிசை, பல ஆண்டு வேலை. ஆனால் வேகம் குறைந்தவர்களுக்கு நேர்மையான வழி என்பதால் பெரிய மரியாதை வைத்திருக்கிறேன். உங்கள் பந்தயங்கள் எல்லாம் ஒரே கணக்கின் கீழ் பதிவாகின்றனவா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் முகவரி மாறியதால் இரண்டு கணக்காகச் சிதறிக் கிடப்பது சகஜம்.

3. தகுதிப் பந்தயத்தை நாட்காட்டி பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

எல்லோரும் பாதை தட்டையா, மேடா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் முதலில் கேட்க வேண்டியது, பந்தயம் எந்த மாதம் என்பது.

கோனா அக்டோபரில். அதற்கான தகுதிப் பந்தயங்கள் முந்தைய ஆண்டின் பிற்பாதியிலேயே தொடங்கிவிடும். மலேசியாவின் லங்காவி நவம்பரில், மேற்கு ஆஸ்திரேலியாவின் பஸல்டன் டிசம்பரில், நியூசிலாந்தின் டாப்போ மார்ச்சில். இவற்றில் இடம் கிடைத்தால் கோனாவுக்குத் தயாராகப் பல மாதங்கள் இருக்கும். ஐரோப்பியப் பந்தயங்கள் பல ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நடக்கின்றன. ஜூலையில் இடம் வாங்கினால் மூன்று மாதம்கூட இருக்காது. அமெரிக்க விசா ஏற்கெனவே பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்தால் ஒழிய, அந்த இடைவெளியில் நேர்காணல் தேதி கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

லங்காவி நமக்குப் பல விதத்தில் வசதி. இந்தியர்களுக்கு 2026 இறுதிவரை விசா தேவையில்லை. வந்து சேர்வதற்கு மூன்று நாளுக்குள் ஆன்லைனில் வருகை அட்டையை நிரப்பினால் போதும், அதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் போலி. வெயிலும் புழுக்கமும் கடுமை. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் பயிற்சி செய்கிறவருக்கு அது பழகிய விஷயம். குளிர் நாட்டிலிருந்து வருகிறவர் அங்கேதான் உடைவார். ஆனால் கவனியுங்கள்: புதிய முறையில் உங்கள் நேரம் அதே பந்தயத்தில் ஓடியவர்களோடுதான் ஒப்பிடப்படுகிறது. கடினமான பாதை என்றால் எல்லோருக்கும் கடினம். எனவே மெதுவான பாதை என்று ஒரு பந்தயத்தை ஒதுக்க வேண்டியதில்லை.

பஸல்டன் தட்டை, கடல் அமைதி, காற்று மட்டும் தொல்லை. டாப்போ ஏரித் தண்ணீர் குளிர்ந்தது. வெட்சூட் (உடலை ஒட்டியிருக்கும் ரப்பர் நீச்சல் உடை) இல்லாமல் யோசிக்கவே முடியாது. வெட்சூட்டில் ஒருமுறைகூட நீந்தாமல் நேராகப் பந்தயத்துக்குப் போகிறவர்கள் நம் ஊரில் அதிகம். நெஞ்சை இறுக்கி மூச்சு வாங்கும். முதல் இருநூறு மீட்டரிலேயே பயம் வந்துவிடும். கொடைக்கானல், ஊட்டி மாதிரிக் குளிர்ந்த இடத்தில் அனுமதி உள்ள நீர்நிலையோ நீச்சல்குளமோ கிடைத்தால் சில முறையாவது போட்டு நீந்திப் பாருங்கள்.

ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே பொது விசா கொண்ட ஐரோப்பிய நாடுகளில், பந்தயம் என்றால்: விசா கட்டணம் 90 யூரோ, அதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக்கட்டணம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கோடையில் தேதி கிடைப்பது சிரமம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். பந்தயம் ஆஸ்திரியாவில், சுற்றுலா இத்தாலியில் பத்து நாள் என்றால் அது இத்தாலி விசா. இத்தாலியில் பந்தயம் என்றால் போட்டி விளையாட்டுக்குத் தகுதி என்று மருத்துவர் தரும் சான்றிதழும் கேட்பார்கள். சில நாடுகளில் ஒருநாள் உரிமக் கட்டணம் தனியாக வாங்குவார்கள்.

4. பெயரைச் சரிசெய்யுங்கள்

நம் ஊர்க்காரர்களுக்கு இது தனிப் பிரச்சினை. இனிஷியல் போடும் பழக்கத்தால் ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, வங்கிக் கார்டில் ஒரு மாதிரி பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்) என்று அச்சிடுவார்கள். விமானச் சீட்டு, பந்தயப் பதிவு, கார் வாடகை என்று ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு சுற்றுலா விசாவில் ஐக்கிய அரபு அமீரகத்துக்குள் போவதும் சிக்கல்.

முடிந்தால் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் பிரித்துப் புதுப் பாஸ்போர்ட் வாங்குங்கள். விசா வேலை தொடங்கும் முன்பு இதைச் செய்ய வேண்டும். அப்புறம் அயர்ன்மேன் கணக்கில் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்தில் பெயரைப் போடுங்கள். பதிவு மேசையில் அசல் பாஸ்போர்ட் கேட்பார்கள்; வேறொருவர் உங்களுக்காக எண் வாங்கித் தர முடியாது. பாஸ்போர்ட் செல்லுபடி பயணத் தேதிக்குப் பிறகு ஆறு மாதமாவது இருக்கட்டும்.

5. அமெரிக்க விசாவை இப்போதே விண்ணப்பியுங்கள்

ஸ்லாட் கிடைத்த பிறகு அதைக் காட்டி விசா வாங்கலாம் என்பது பலருடைய எண்ணம். அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கு எந்த அழைப்புக் கடிதமும் தேவையில்லை. ஊதியம் இல்லாமல் அமெச்சூர் விளையாட்டில் பங்கேற்பது பி2 என்ற சுற்றுலா விசாவின் கீழேயே வருகிறது. அதனால் பந்தயத்துக்குப் போகும் முன்பே பி1/பி2 (வணிகம், சுற்றுலா இரண்டுக்குமான விசா) வாங்கி வைப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. இந்தியர்களுக்குப் பொதுவாகப் பத்து ஆண்டு செல்லும்படி தருகிறார்கள். இந்த ஆண்டு தகுதி கிடைக்காவிட்டாலும் வீண் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். டிஎஸ்-160 என்ற ஆன்லைன் விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்புங்கள். விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். விசா மறுக்கப்பட்டாலும் திரும்பாது. இரண்டு அங்குலச் சதுரப் புகைப்படம், மூக்குக் கண்ணாடி இல்லாமல். படிவத்தின் உறுதி எண்ணும் நேர்காணல் பதிவில் கொடுத்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இடையில் படிவத்தைத் திருத்திப் புதிய எண் வாங்கினால் பதிவிலும் மாற்ற மறக்காதீர்கள். கைரேகைக்கு ஒரு நாள், துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு இன்னொரு நாள். வெளியூர்க்காரர்கள் சென்னையில் தங்கும்படி திட்டமிடுங்கள். நேர்காணல் தேதிக்குப் பல மாதம் காத்திருக்க நேரலாம், அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

நேர்காணலில் உண்மையை மட்டும் சொல்லுங்கள். ஹவாய் போக ஆசை, அங்கே நடக்கும் டிரையத்லானுக்குத் தகுதி பெற முயல்கிறேன், சம்பளம் எதுவும் இல்லை, வேலை இங்கே, குடும்பம் இங்கே. வேலைச் சான்று, விடுப்பு அனுமதி, மூன்று ஆண்டு வருமான வரித் தாக்கல், ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். பெரும்பாலும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். இருந்தாலும் கையில் இருக்கட்டும்.

6. பணத்தைத் திட்டமிடுங்கள்

தகுதிப் பந்தயத்தின் பதிவுக்கு 500 முதல் 900 டாலர் வரை ஒதுக்குங்கள். இடங்கள் நிரம்ப நிரம்ப விலை ஏறும், எனவே பதிவு திறந்த வாரத்திலேயே போடுவது லாபம். மொத்தத் தொகைக்கு மேல் சேவைக்கட்டணமும் சேரும். திரையில் முதலில் தெரியும் தொகையை நம்பிக் கார்டு வரம்பை வைக்காதீர்கள்.

கோனாவின் பதிவுக் கட்டணம் தனி. 1500 டாலருக்கு மேல், அதாவது சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய், ஒரே முறையில் கார்டில் போகும்படி தயாராக இருங்கள். தவணை கிடையாது. கார்டு நிறுவனம் அந்நியச் செலாவணி மாற்றத்துக்கு எடுக்கும் மூன்றரை சதவீதம் வரையான கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் இன்னொரு சில ஆயிரம்.

ஹவாய்ப் பயணத்தில் தங்குமிடம்தான் கழுத்தை நெரிக்கும். கைலுவா-கோனா சின்ன ஊர். பந்தய வாரத்தில் அறை வாடகை ஏறிவிடும், குறைந்தபட்ச இரவுகள் என்று நிபந்தனையும் வைப்பார்கள். நாலு பேர் சேர்ந்து சமையலறை உள்ள வீடு எடுப்பதுதான் கட்டுப்படியாகும். நம் சாப்பாடும் சமைத்துக்கொள்ளலாம். விமானம், தங்குமிடம், பதிவு, சாப்பாடு, வாடகைக் கார் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஆறு முதல் எட்டு லட்சம் ரூபாய் என்று வைத்துத் திட்டமிடுங்கள். குடும்பத்தோடு என்றால் அதற்கேற்ப.

இந்தப் பேச்சை வீட்டில் பந்தயத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். ஸ்லாட் வேண்டுமா வேண்டாமா என்று அங்கே கேட்கும்போது யோசிக்கக் கிடைப்பது சில நொடிகள். நள்ளிரவில் வீட்டுக்கு போன் போட்டு எட்டு லட்சத்துக்குச் சம்மதம் கேட்க வைப்பது வீட்டில் இருப்பவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

7. வேகமாக ஓடியும் இடத்தை இழக்கவைக்கும் விதிகள்

வெட்சூட். தண்ணீர் 24.5 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால், 28.8 டிகிரி வரை வெட்சூட் அணிந்து நீந்த விடுவார்கள். ஆனால் அப்படி நீந்தியவருக்குப் பரிசும் இல்லை, உலகச் சாம்பியன்ஷிப் இடமும் இல்லை. அன்று காலை தண்ணீரின் வெப்பநிலையை அறிவிப்பார்கள். கோனாவில் வெட்சூட்டே கிடையாது. வெப்பநாட்டுப் பந்தயத்துக்குப் போகிறவர்கள் ஸ்விம்ஸ்கின் என்ற மெல்லிய துணி நீச்சல் உடை வாங்குவதே சரி.

டிராஃப்டிங், அதாவது முன்னால் போகும் சைக்கிளை ஒட்டி அதன் காற்று மறைவில் ஓட்டுவது. முன்னால் போகிறவரின் முன் சக்கரத்திலிருந்து உங்கள் முன் சக்கரம் 12 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அந்த எல்லைக்குள் நுழைந்தால் 25 நொடிக்குள் முந்தி முடிக்க வேண்டும். மாட்டினால் ஐந்து நிமிடத் தண்டனை. ஈசிஆரில் ஞாயிறு காலை கூட்டமாக ஒட்டி ஒட்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு 12 மீட்டர் என்பது எவ்வளவு தூரம் என்றே தெரிவதில்லை. வீட்டு வாசலில் டேப் வைத்து அளந்து கண்ணில் பதிய வையுங்கள்.

ஊக்கமருந்து. இதை அமெச்சூர் வீரர்கள் தங்களுக்கு இல்லை என்று நினைக்கிறார்கள். வயதுப் பிரிவு வீரர்களையும் சோதிப்பார்கள். ஆஸ்துமா, தோல் அலர்ஜி, மூட்டு வலிக்கு மருத்துவர் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளும் ஊசிகளும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப் பட்டியலில் வரலாம். மருந்தின் மூலப்பொருள் பெயரைப் பட்டியலில் தேடிப் பாருங்கள், தேவையென்றால் சிகிச்சை விலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். நம் ஊரில் களைப்பாக இருந்தால் கிளினிக்கில் போய் ஒரு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றிக்கொள்வது வழக்கம். 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பு வழியாக எதை ஏற்றினாலும், மருத்துவமனைச் சிகிச்சை போன்ற விலக்குகள் தவிர, அது தடை செய்யப்பட்ட முறை. வெறும் குளுக்கோஸ் என்றாலும் அப்படித்தான். ஜிம்மில் கொடுக்கும் பெயர் தெரியாத பொடிகளையும் லேகியங்களையும் விட்டுவிடுங்கள்.

8. ஸ்லாட் வழங்கும் நிகழ்ச்சிக்கு ஆளாகப் போங்கள்

முழு அயர்ன்மேனில் பெரும்பாலும் பந்தயத்துக்கு மறுநாள் பரிசளிப்போடு சேர்த்து நடக்கும். 70.3இல் அன்று மாலையே நடப்பதுண்டு. நேரமும் இடமும் வீரர் கையேட்டில் இருக்கும். உங்கள் பெயரை அழைக்கும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் வேண்டாம் என்று பொருள்; அடுத்த பெயரை அழைப்பார்கள். நண்பர் கை தூக்கினால் எடுபடாது. திரும்பும் விமானத்தை மறுநாள் காலைக்குப் போடாதீர்கள். எத்தனையோ பேர் இந்த ஒரே காரணத்துக்காக இழந்திருக்கிறார்கள்.

பதினைந்தாம் இடத்தில் வந்தவர்கள், நமக்கெங்கே என்று போகாமல் இருந்துவிடுகிறார்கள். போங்கள். முன்னால் இருப்பவர்களில் சிலர் ஏற்கெனவே வேறு பந்தயத்தில் தகுதி பெற்றிருப்பார்கள், சிலருக்குப் பணம் இருக்காது, சிலர் கிளம்பிப் போயிருப்பார்கள். குவியல் எதிர்பார்த்ததைவிடக் கீழே இறங்கும் நாட்கள் உண்டு.

கொண்டு போக வேண்டியவை: பாஸ்போர்ட், இரண்டு வெவ்வேறு வங்கிகளின் கார்டு, வேலை செய்யும் போன். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நீங்களாகத் திறந்துவிட்டிருக்க வேண்டும். இந்திய வங்கிகள் அதை மூடித்தான் தருகின்றன. வரம்பை இரண்டு லட்சத்துக்கு உயர்த்துங்கள். ஓடிபி வரும் இந்திய சிம்முக்கு ரோமிங் போட்டிருக்க வேண்டும். என் கார்டு ஒன்றைச் சந்தேகப் பரிவர்த்தனை என்று வங்கி அந்த இடத்திலேயே முடக்கியது. வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்க, இரண்டாவது கார்டு இருந்ததால் வேலை முடிந்தது. அந்த இரண்டாவது கார்டை வலியுறுத்துவது அதனால்தான்.

பணம் கட்டிய பிறகு அந்த இடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ள முடியாது, இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடியாது. அதனால் கை தூக்கும் முன் விசா நிலைமையை நினைத்துப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் விசா இல்லை, கோனாவுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால், விட்டுவிட்டு அடுத்த பருவத்தின் முதல் பந்தயத்துக்குப் பதிவு செய்வதையே நான் சொல்வேன்.

9. இடம் கிடைத்த பிறகு

அன்றிரவே தங்குமிடம் பதிவு செய்யுங்கள், ரத்து செய்யக்கூடிய விதத்தில். விமானத்துக்கு ஒரு மாதம் பொறுக்கலாம். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. அமெரிக்க மேற்குக் கரை வழியாகவோ, கிழக்காசியா சென்று ஹொனலூலு வழியாகவோ போகலாம். எல்லாக் கட்டத்தையும் ஒரே சீட்டில் வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால் சைக்கிள் பெட்டிக்கு ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகப் பணம் கேட்கும். பெட்டியின் எடை வரம்பு, நீள அகலம் இரண்டையும் விமான நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மின்கியர் பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில் வையுங்கள். டயருக்குக் காற்றடிக்கும் சிஓ2 குப்பிகளை எடுத்துப் போகாதீர்கள், அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

ஹவாய் நேரம் நமக்குப் பதினைந்தரை மணி நேரம் பின்னால். உடம்பு பழக ஒரு வாரமாவது முன்னால் போய்ச் சேருங்கள். அங்கே வெயிலைவிடக் காற்றுதான் நம்மவர்களைச் சோதிக்கும். சைக்கிள் பாதையில் ஹாவி என்ற ஊரை நோக்கி ஏறும் பகுதியில் பக்கவாட்டுக் காற்று சைக்கிளைத் தூக்கி நகர்த்தும். ஆழமான முன் சக்கரம் வைத்திருக்கும் எடை குறைந்தவர்கள், ஆழம் குறைந்த ஒன்றை இரவல் வாங்கியாவது கொண்டு போங்கள்.

பயணக் காப்பீட்டின் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். பல திட்டங்கள் போட்டி விளையாட்டில் ஏற்படும் காயத்துக்குப் பணம் தராது. பந்தயத்துக்கும் சேர்த்துக் காப்பீடு தரும் திட்டமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவில் ஒரு எலும்பு முறிவின் செலவு மொத்தப் பயணச் செலவையும் தாண்டிவிடும்.

கிளம்பும் நாளில் விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். சைக்கிளின் விலைச்சீட்டு, சட்டக எண், புகைப்படங்களோடு சுங்கத்துறை மேசைக்குப் போய் ஏற்றுமதிச் சான்று வாங்க வேண்டும். பல லட்ச ரூபாய் சைக்கிளோடு திரும்பி வரும்போது, இது இங்கிருந்து கொண்டு போனதுதான் என்று காட்ட அந்த ஒரு தாள்தான் இருக்கிறது. பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்பே இதைச் செய்யுங்கள். சட்டக எண்ணை அதிகாரி கண்ணால் பார்க்க வேண்டும், பெட்டி உள்ளே போய்விட்டால் சான்று தர மாட்டார்கள்.